சட்டாம்பிள்ளையும் ஒப்புக்குச் சப்பாணியும்

பழம்பெருமை பேசி மேடையேறுவோரிடம் அண்மைக் காலமாக ஒரு புதுச்சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "பிள்ளைக்குப் பிள்ளையே ஆசான் என்னும் முறையை உலகுக்கு ஈந்தவர் நாம்! இங்கிலாந்துக்காரன் பள்ளிக்கூடம் நடத்தக் கற்றுக்கொண்டதே நம் திண்ணையைப் பார்த்துத்தான்!" என்று முழங்குகிறார்கள். அவையோர் கை தட்டுகிறார்கள். தட்டுகின்ற கைகளுள் எத்தனை கைகளை அந்தத் திண்ணை தன் மீது ஊன்றவிட்டது என்று கேட்பார் அங்கில்லை.

முழுப் பொய் என்று தள்ளிவிடத்தக்க பேச்சன்று இது. இதில் மெய் இருக்கிறது. ஆனால் பாதி மெய். மீதிப் பாதியை எடுத்து வெளிச்சத்தில் வைப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கென ஏற்பட்டிருந்த அனாதைப் பள்ளிக்குக் கண்காணிப்பாளரானார். தந்தை வெள்ளைச் சிப்பாய், தாய் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண். இரு உலகமும் ஏற்காத பிள்ளைகள் அவர்கள். ஒருநாள் அவர், அக்கால வெள்ளையர் வழக்கில் 'மலபார்ப் பள்ளி' எனப்பட்ட நம் தமிழ்ப் பள்ளி ஒன்றைக் கடந்து சென்றபோது, சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். திரும்பி வந்து, தம் பள்ளி உபாத்தியாயரிடம் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். நடவாது என்றார் உபாத்தியாயர். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனை அழைத்து, அவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். வளர்ந்தவர் நடவாது என்றதை 8 வயதுப் பையன் நடத்திக் காட்டினான்!

1796-இல் பெல் தாயகம் திரும்பினார். 1797-இல் இலண்டனில் தம் பட்டறிவைச் சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் இலண்டனின் பரோ சாலையில் இதனையொத்த முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். முறை யாருடையது என்று இருவர் கட்சியினரும் பல்லாண்டு வாதாடினர். 1811-இல் ஆங்கிலத் திருச்சபையினர் பெல்லின் முறையைப் பரப்புதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். அம்முறை பல்லாயிரம் பள்ளிகளில் பரவிற்று. 'மெட்ராஸ் முறை' என்பது அதன் பெயர். பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பள்ளி இன்றும் நடக்கிறது.

மேடைப் பேச்சாளர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார். நாம் நிறுத்த முடியாது. தமிழ்ப் பள்ளியில் தாம் கண்டு எடுத்துக்கொண்டதாகப் பெல் ஒப்பியது மணலெழுத்தை மட்டும்தான். சிறுவனைக் கொண்டு சிறுவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே அவர் சொல்லிக்கொண்டார். வேறு வெள்ளையர்தாம் அதை மறுத்தனர். பெல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த கேம்பல், 1823-இல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவரைக் கொண்டு பின்னவருக்குக் கற்பிக்கும் நாட்டுமுறை பாராட்டத்தக்கது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். பெருமை பேசுவோர்க்கு வேதவாக்கு அந்த வரி. அதே அறிக்கையின் மற்றப் பகுதிகளை ஏன் அவர்கள் படிப்பதில்லை?

படித்தால் தெரியும். காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், அது சிறப்பு. இரண்டாவதாக வருபவன் கையில் சுழி எழுதப்படும், புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்லிதாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அடுத்து வருபவனுக்கு அதனினும் ஒன்று கூடுதல். இப்படி ஏறிக்கொண்டே போகும். சோம்பினவனை இரு கையும் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுதலும், உட்கார்ந்தெழ வைத்தலும் அந்த அறிக்கையிலேயே இருக்கின்றன. பொருள் விளங்காமல் உருப்போடுவதைப் பற்றியும் கேம்பல் கடிந்து எழுதியிருக்கிறார்.

விடியலில் முதல் ஆளாக யார் வர இயலும்? மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, சாணம் அள்ளிவிட்டு, தண்ணீர் சுமந்துவிட்டு வருகிற பிள்ளையா? வீட்டில் வேலை செய்ய ஆள் இருக்கிற பிள்ளையா? சரசுவதி யார் உள்ளங்கையில் குடியேறினாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அடியின் எண்ணிக்கைதான் முதல் கணக்குப் பாடம்.

எண்களையும் பார்த்துவிடுவோம். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு, மாவட்டந்தோறும் கணக்கெடுத்து, 1826-இல் தொகுத்துரைத்தார். மாகாணமெங்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர். அவருள் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூவர் கூட இல்லை. நம் மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிகள், மாணாக்கர் 13,781, பெண்கள் 105. ஆம், நூற்றைந்து! பெண்ணுக்கு எழுத்தறிவு நாணத்துக்கு ஒவ்வாதது, ஆடும் மகளிர்க்கே உரியது என்று இந்நாட்டார் கருதுகிறார்கள் என மன்றோ காரணமும் எழுதி வைத்தார். மீனாட்சி அரசாண்ட ஊர் என்று மார்தட்டுகிற ஊரில், 844 பள்ளிக்கு 105 பெண்கள்!

இந்தக் கணக்குகளையெல்லாம் திரட்டி, தரம்பால் 1983-இல் 'அழகிய மரம்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். அழகிய மரம் என்னும் உவமை காந்தியார் 1931-இல் இலண்டனில் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. உழைப்புள்ள நூல் அது. ஆவணங்களை அப்படியே அச்சிட்ட நேர்மையும் அதற்குண்டு. நாட்டுப் பள்ளிகள் நலிந்ததற்கு வெள்ளையர் வரிச்சுரண்டலும் காரணம் என்று அது கூறுவதை நாம் மறுக்கவில்லை. திண்ணையில் பார்ப்பனர் மட்டுமே அமர்ந்திருந்தனர் என்ற எண்ணத்தை அது தகர்த்ததும் சரியே. மதுரை மாவட்டத்தில் சூத்திரர் என்று குறிக்கப்பட்ட மாணவரே 7,247 பேர். ஆனால் அந்த நூலைக் கையிலேந்திக்கொண்டு, "பார்த்தீர்களா, சாதி தடுக்கவில்லை" என்று கூறப் புறப்பட்டார்களே, அவர்களிடம்தான் நமக்கு வழக்கு. பள்ளியில் எத்தனை பேர் அமர்ந்தனர் என்பதைக் கலெக்டர் எண்ணினார். யார் எங்கே அமர்ந்தனர், யார் யாருக்குக் கற்பித்தனர், யார் கையில் பிரம்பிருந்தது என்பதற்கு அவருடைய பட்டியலில் கட்டமில்லை.

பிரம்பு சட்டாம்பிள்ளை கையில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவனுக்கு இடப்பட்ட அப்பெயரின் ஓசையிலேயே அதிகாரம் ஒலிக்கிறது. அவனுக்கு வேலை இரண்டு. அரிச்சுவடியும் எண்சுவடியும் சின்னவர் வாயில் ஏறும்வரை முறை வைத்துச் சொல்லச் செய்தல் ஒன்று. வராதவனைப் பிடித்துவருதல், பேசினவனைக் காட்டிக்கொடுத்தல், அண்ணாவியார் இல்லாத வேளையில் அவராகவே இருத்தல் மற்றொன்று. பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் மனப்பாடமான பிள்ளை நாளைக்கு ஊர்க்கணக்குப் பார்ப்பான். சட்டாம்பிள்ளையாயிருந்து பழகியவன் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஊரை அதட்டவும் பழகியிருப்பான். கற்பிக்கும் முறை தனியாக வானத்திலிருந்து இறங்குவதில்லை. எந்த ஊரில் இறங்குகிறதோ, அந்த ஊரின் ஏணிப்படிகளைத் தன் முதுகில் சுமந்துகொள்கிறது.

கடல் கடந்து போனபோதும் இதுவே நேர்ந்தது. பெல் பிரம்பை விலக்கினார். குற்றங்களைக் கருப்புப் புத்தகத்தில் குறித்துவைத்து, மாணவர் குழுவே தீர்ப்பளிக்கச் செய்தார். வரவேற்கத்தக்க மாற்றம். லங்காஸ்டரோ, அடிப்பதை வெறுத்தவராயினும், பிழை செய்த சிறுவனைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிட்டு மற்றவர் சிரிக்கச் செய்தார். இங்கே கைகட்டித் தொங்கல், அங்கே கூடையில் தொங்கல்! ஆலைகள் புகை கக்கத் தொடங்கிய நாட்டில், ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக நின்று, மணியோசைக்கு அசைந்து, மேற்பார்வைச் சிறுவனின் கையசைவுக்குப் பலகையைத் தூக்கினர். திண்ணையில் கணக்கப்பிள்ளையாக வளர்ந்தவன் அங்கே ஆலை மேஸ்திரியாக வளர்ந்தான். அந்தப் பெல்லே தம் பிற்கால நூலில், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை, மறைநூல் வாசிக்கத் தெரிந்தால் போதும், மிகுதியாகக் கற்பித்தால் தரவேற்றுமை குழம்பிவிடும் என்னும் கருத்துப்பட எழுதினார். 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திட்டத்தை அறிந்தவர்க்கு இந்தக் குரல் புதிதாக இராது.

ஆரப்பாளையத்தில் புட்டுத்தோப்பு இருக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை ஆண்டுதோறும் அங்கே நடத்துகிறார்கள். கூலியாளாக வந்த கடவுளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தானாம். அந்த அடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், எல்லா உயிரின் முதுகிலும் விழுந்ததாம். கதையை நாம் நம்பவில்லை. ஆயினும் கற்பனை செய்தவன் ஏதோ நியாயம் தெரிந்தவன்தான். கூலிக்காரன் வாங்கிய அடி அரசனுக்கும் வலித்தது என்று கட்டினானே! திண்ணையில் விழுந்த அடி அடித்தவனுக்கு ஒருநாளும் வலித்ததில்லை. விழாவுக்குக் கூட்டம் சேர்க்கிறவர்கள் கதையின் இந்த ஒரு நல்ல இடத்தையாவது பள்ளிக்கூடத்திற்கு எடுத்துச் சென்றிருக்கலாம்.

பெருமை பேசுவோர் பார்க்காத இன்னொரு பள்ளிக்கூடம் இதே ஆரப்பாளையத்தில் நடக்கிறது. அதற்குத் திண்ணையுமில்லை, கூரையுமில்லை. வறண்ட வைகையின் மணலிலும், சந்துகளின் முகப்பிலும் மாலை 5 மணிக்குத் தொடங்கும். அதன் விதிகளை எழுதியவர் எவருமிலர். ஆனால் மீற முடியாது. பாண்டி ஆட்டத்திற்குக் கோடு கீற, கோலியை எந்த விரலால் தெறிக்க, மட்டைப்பந்தில் எந்தச் சுவரைத் தாண்டினால் ஆட்டமிழப்பு என்று முடிவு செய்ய, எந்த உபாத்தியாயரும் தேவைப்பட்டதில்லை. 12 வயதினர் 9 வயதினர்க்கும், 9 வயதினர் 6 வயதினர்க்கும் கொடுத்துப்போகிறார்கள். பெரியவர் மறந்துவிட்ட ஆட்டங்களும் இப்படித்தான் உயிரோடிருக்கின்றன. இங்கிலாந்தில் ஓப்பி தம்பதியர் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டப் பேச்சையும் வழக்குகளையும் திரட்டி 1959-இல் நூலாக்கியபோது வெளிப்படுத்தியதும் இதனையே.

இந்தப் பள்ளியில் ஓர் அரிய பதவி உண்டு. 'ஒப்புக்குச் சப்பாணி' என்பர். (உடற்குறை உடையாரை இழிக்கும் சொல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சொல்லை மாற்றிவிட்டுப் பொருளை வைத்துக்கொள்ளலாம்.) அக்காளோடு வந்த 4 வயதுத் தம்பியை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஓடலாம், தொடலாம், கத்தலாம். ஆனால் அவன் பிடிபட்டால் ஆட்டமிழப்பு ஆகாது. அவன் பிழை கணக்கில் ஏறாது. அணிக்கு அவனால் நட்டமில்லை; எனவே அவனை வைய எவருக்கும் காரணமில்லை. சில மாதம் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுவான். ஒருநாள் அவனே, "நான் இனிமே ஒப்புக்குச் சப்பாணி இல்லை, என்னையும் நிஜமாச் சேருங்க" என்பான். சேர்த்துக்கொள்வார்கள். தேர்வு வைத்தவர் யார்? சான்றிதழ் தந்தவர் யார்? பிழைக்குத் தண்டனையில்லாத ஒரு பருவத்தைக் கற்பவனுக்கு வழங்கி, அவன் தானே தகுதி அறிவித்துக்கொள்ளும்வரை காத்திருப்பது எத்துணைப் பெரிய கல்விக் கொள்கை! மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி என்ற திண்ணைக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

பூக்கட்டுதலையும் அந்தச் சந்துகளிலேயே காணலாம். மூத்தவள் வாய் திறந்து விளக்குவது குறைவு. இளையவளைப் பக்கத்தில் அமர்த்தி, நாரை அவள் விரலில் மாட்டி, தன் விரலை அதன்மேல் வைத்து முடிச்சிடுகிறாள். நழுவினால் அவளே சரிசெய்து மறுபடி கையில் தருகிறாள். மெக்சிகோ நாட்டுச் சினகந்தான் பகுதியில் மாயா மக்களின் வீடுகளில் ஆஷ்லி மேனார்ட் என்னும் அறிஞர் இதனையே ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார். 3 முதல் 11 வயது வரையுள்ள அண்ணன் அக்காள்மார் 2 வயதுக் குழந்தைகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் விளையாட்டாகக் கற்பிப்பதைப் படம்பிடித்துப் பார்த்தார். 8 வயதளவில் அவர்கள் செய்துகாட்டல், சொல்லல், கையைப் பிடித்து நடத்தல் மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் திறம் பெற்றுவிடுகின்றனர். 8 வயது! ஃபிரிஸ்கனின் வயது. ஆக, பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தெரியும். தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும், மாயாப் பிள்ளைக்கும் தெரியும். அதை எந்த நாடும் எந்த நாட்டிற்கும் ஈந்துவிடவில்லை. ஆனால் எதைக் கையில் பிடித்துக்கொண்டு கற்பிப்பது, எந்தச் சொல்லால் அழைத்துக் கற்பிப்பது என்பதை அவரவர் ஊர்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அதே சந்தில் அதே பிள்ளைகள் 'டீச்சர் விளையாட்டு' ஆடத் தொடங்கட்டும்; காட்சி மாறிவிடும்! முதலில் தேடப்படுவது சுண்ணக்கட்டியன்று, புத்தகமன்று. குச்சி! குச்சி கிடைத்தவுடன் பூக்கட்டக் கற்றுத்தந்த அதே பெண்ணின் குரல் மாறுகிறது. "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்கிறாள். பிடித்து நடத்திய கை, நீட்டச்சொல்லி அடிக்கும் கையாகிறது. குழந்தைக்குள் இரண்டு ஆசான்கள் குடியிருக்கிறார்கள். ஒருவரை வாழ்க்கை வைத்தது. மற்றவரை நாம் வைத்தோம், அதாவது பள்ளிக்கூடம் வைத்தது.

தமிழில் ஒருவரை விளிக்காமல் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முடியாது. 'அண்ணே' என்பதா, 'தம்பி' என்பதா, 'டா' என்பதா, 'வாங்க' என்பதா? வாய் திறக்குமுன் பிள்ளை முடிவு செய்தாகவேண்டும். அக்காள் தம்பிக்குக் கற்பிப்பது எளிது. விளியே அதற்கு வழிவிடுகிறது. தம்பி அண்ணனுக்குக் கற்பிக்கப் போனால் என்ன ஆகும்? "சின்னப் பயலிடம் கற்றுக்கொள்வதா" என்ற நாணம் குறுக்கே நிற்கும். 10 வயதுப் பெண் 12 வயதுப் பையனின் பின்னக் கணக்கைத் திருத்தினால், வாயாடி என்றும் அதிகப்பிரசங்கி என்றும் பட்டம் கிடைக்கும். மகன் தகப்பனுக்கு உபதேசம் செய்தான் என்று சுவாமிமலையில் கோயில் கட்டி, தகப்பன்சாமி என்று பெயரும் வைத்துக் கும்பிடுகிறார்கள்! கோயிலில் மெச்சுவதை வீட்டில் செய்த பிள்ளையின் காதைத் திருகுகிறார்கள். வயதின் ஏணி இப்படியென்றால், சாதியின் ஏணியைச் சொல்லவேண்டுமா? ஊர்ப்புறத்துச் சேரியிலிருந்து வரும் மூத்த பையனை, தெருப் பையன் எளிதாக 'டா' போட்டுவிடுகிறான். அவனிடம் 'அண்ணே, இதைச் சொல்லித்தாங்க' என்று கேட்க நா எழுவதில்லை. அந்த ஒரு விளியில் அரிச்சுவடிக்கு முந்திய பாடம் ஒன்று நடந்துவிடுகிறது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். "பூக்கட்டுவதையும் வீட்டுத் தொழிலையும் பிள்ளைகள் இவ்வளவு இனிமையாகக் கற்கிறார்கள் என்றால், 1953-இல் ஆச்சாரியார் சொன்னதில் என்ன குற்றம்?" என்பார்கள். பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்ற அத்திட்டத்தைப் பெரியாரும் இயக்கத்தாரும் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். அவர் பதவி விலகிக் காமராசர் முதலமைச்சரான 1954-இலேயே அது கைவிடப்பட்டது. குற்றம் தொழிலில் இல்லை. வழுக்கட்டாயத்தில் இருந்தது, அதனினும் பெரிதாக, பிறப்பில் இருந்தது. ஆட்டத்தில் சேரும் சிறுவன் எந்த ஆட்டத்திலும் சேரலாம்; விருப்பப்பட்ட அன்று ஒப்புக்குச் சப்பாணிப் பட்டத்தைக் கழற்றியெறியலாம். குலக்கல்வியிலோ, சவரக்கத்தியைப் பிடித்த வீட்டில் பிறந்தவன் கத்தியைத்தான் பிடிக்கவேண்டும். கழற்ற நாள் குறிக்கப்படவில்லை. இரண்டும் ஒன்று என்பார் இரண்டையும் அறியார்.

தமிழகம் இந்தப் பிள்ளைத் திறத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு பெரிய முயற்சியும் செய்தது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளின் அட்டை முறையை அடியொற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலைக் குறிக்கிறோம். 1 முதல் 4 வரை வகுப்புப் பிள்ளைகள் கலந்து தரையில் வட்டமாக அமர்வர். ஏணிப்படிபோல் அமைந்த அட்டைகளை அவரவர் வேகத்தில் கடப்பர். ஆசிரியர் துணையோடு கற்கும் குழு ஒன்று. சக மாணவர் துணையோடு கற்கும் குழு மற்றொன்று. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்த காட்சியே இந்நாட்டிற்கு ஒரு சீர்திருத்தந்தான். குறைகள் இருந்தன, அட்டை கிழிந்தால் பாடம் கிழிந்தது, பதிவேடு எழுதுவதில் பொழுது கரைந்தது. 2022-இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும், பிழைக்கு அஞ்சாமல் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கலாம் என்ற விதியை அரசே எழுதி வைத்தது அப்போதுதான். மேல்வகுப்புக்குப் போனதும் என்ன ஆகிறது? 'லீடர்' வந்துவிடுகிறான்! பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடர், அடிக்கோலால் மேசையைத் தட்டும் லீடர். சட்டாம்பிள்ளை சாகவில்லை, தோழர்களே. பெயரை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டான்.

சட்டாம்பிள்ளையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம்மைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இன்று எதை மிகத் திறமாகக் கற்பிக்கிறார்கள் என்று கேட்டால், திருக்குறளன்று, வாய்ப்பாடன்று. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம்! எந்த நிறம் எந்தச் சாதி என்று எந்தப் பாடநூலிலும் இல்லை. எந்த ஆசிரியரும் கரும்பலகையில் எழுதியதில்லை. ஆனால் 8-ஆம் வகுப்பில் சேர்ந்த மூன்றே மாதத்தில் பையனுக்கு அத்துணை நிறமும் தெரிந்துவிடுகிறது. 11-ஆம் வகுப்பு அண்ணன் 8-ஆம் வகுப்புத் தம்பிக்குக் கட்டிவிடுகிறான். கையைப் பிடித்து, விரலால் முடிச்சிட்டு, நழுவினால் சரிசெய்து! பூக்கட்டக் கற்றுத்தந்த அதே முறை. இதில் அடி இல்லை, தேர்வு இல்லை, பிழைக்குத் தண்டனை இல்லை. அன்பு கூட இருக்கிறது. "குழந்தை உள்ளம் வெள்ளைத் தாள், அதற்குச் சாதி தெரியாது" என்று எழுதிக் கண்ணீர் வடிக்கும் நம் பக்கத்து எழுத்தாளர்களை வேண்டிக்கொள்கிறோம்: அந்த வெள்ளைத் தாளில் எழுதுகிற கை இன்னொரு குழந்தையின் கை. அதைப் பார்க்காமல் தகப்பனை மட்டும் ஏசிக்கொண்டிருந்தால் வேலைக்காகாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு அதே பள்ளியில் பயின்றவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை அவன். தன்னிடம் கற்றுக்கொள்ளவேண்டியவர்கள் அவனுக்குக் கற்பித்த பாடம் அது. அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 சூனில் அறிக்கை வந்தது. சாதிக் கயிறும், மோதிரமும், நெற்றிக்குறியும் பள்ளியில் கூடாது; பள்ளிகளின் பெயரில் சாதிச் சொல் இருத்தல் ஆகாது; மாணவரை அகரவரிசையில் அமர்த்துக என்பவை அதன் பரிந்துரைகளுட் சில. மதுரையைச் சுற்றிக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் தனித்தனிப் பெயர்ப்பலகையோடு இருப்பதை அறிந்தவர்க்கு, இரண்டாம் பரிந்துரை எத்தகைய எதிர்ப்பைக் கிளப்பும் என்பது தெரியும், கிளம்பியது. கயிற்றுத் தடை எதிர்பார்த்தபடியே 'இந்துக்களின் சமய உரிமை' என்னும் கூச்சலைக் கொண்டுவந்தது. கையில் கயிறில்லாவிடில் சமயம் அறுந்துவிடுமெனின், அந்தச் சமயம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது!

அகரவரிசையில் அமர்த்துவதைப் பற்றித்தான் எவரும் கூச்சலிடவில்லை. சிறு செய்தி என்று விட்டுவிட்டார்கள் போலும். நமக்கோ மூன்றனுள் பெரியது அதுவே என்று படுகிறது. கயிற்றை வாயிலில் அறுத்து வாங்கினால் பையிலிருந்து வேறொன்று எடுத்துக் கட்டிக்கொள்வான். பலகையில் பெயரழித்தால் வாயில் பெயர் இருக்கும். ஆனால் பக்கத்தில் யார் என்பதை அகரம் முடிவு செய்துவிட்டால், கணக்கு வராதபோது திரும்பிக் கேட்பதற்கு அந்த ஒருவன்தான் இருக்கிறான். கேட்டாக வேண்டும். கேட்க வேண்டுமானால் விளித்தாக வேண்டும்.

நம் வகுப்பில் அவ்வாறு அமர்த்திச் சில மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் இருவர் பேசவேயில்லை. இடையில் புத்தகப்பையை மதில்போல் வைத்திருந்தார்கள். லீடர் பதவியை எடுத்துவிட்டோம். அன்றன்று எவருக்கு எந்தக் கணக்கு வந்ததோ, அவரே பக்கத்தில் இருப்பவர்க்கு அன்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கையில் அடிக்கோல் கூடாது. கற்பவர் செய்யும் முதல் மூன்று பிழை கணக்கில் சேராது என்று விதி வைத்தோம். விதிக்குப் பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள்தாம். ஆட்டத்தின் பெயரையே வைத்தார்கள், 'சப்பாணி'யை மட்டும் நீக்கிவிட்டு, 'ஒப்பு' என்று. "சார், நான் ஒப்பு" என்றால் அவன் பிழையை எவரும் சிரிக்கக் கூடாது. பை மதில் மூன்றாம் வாரம் கீழே இறங்கியது. ஒரு பையன் தன் பக்கத்தவனை, அவனைவிட 1 வயது மூத்தவனை, ஆறு மாதத்திற்கு முன் பெயர் சொல்லக் கூட மறுத்தவனை, வகுத்தல் கணக்கில் மீதி வந்தபோது தோளைத் தட்டி அழைத்தான். அழைத்த சொல் 'டா' அன்று, 'அண்ணே'யும் அன்று. இருவருக்கும் நடுவில் இன்னும் சொல் கிடைக்கவில்லை. "இந்தா" என்றான்.